நாஸில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு கிளவுட் பேக்கப்?

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அதில் மொத்தமாகப் போனது. 858 டெராபைட் (டிபி). வெளியே ஒரு நகல்கூட இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு அரசுத் தரப்பில் சொன்ன காரணம், அளவு மிகப் பெரிது, அந்த அமைப்பை வைத்துக்கொண்டு வெளியே பேக்கப் எடுக்க வழியில்லை என்பதுதான்.

ஒரு அரசாங்கமே இப்படியா என்று தோன்றும். ஆனால் வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ நாஸ் வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள், "நாலு டிபி இருக்கு, இதை எங்கே போய் ஏத்துறது, அதான் ரெய்டு போட்டிருக்கே" என்றுதான் பதில் வரும். இந்தப் பதிலில் எது சரி, எது தப்பு, கிளவுடில் ஏற்றுவதென்றால் நடைமுறையில் என்ன ஆகும், எவ்வளவு ஆகும் என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் சில சொற்கள்

நாஸ் என்பது நெட்வொர்க்கில் மாட்டி வைக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி. ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துச் செருகினால் வீட்டில், அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் போன்களும் அதில் கோப்பு போடலாம், எடுக்கலாம். சினாலஜி, கியூநாப், அசுஸ்டர் என்று பல நிறுவனங்கள் விற்கின்றன. இந்தப் பெட்டிகளுக்குள்ளே லினக்ஸில் ஓடும் முழுக் கணினி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அது நல்லதுக்கும் உதவும், ஏனென்றால் உங்கள் லேப்டாப் அணைந்திருந்தாலும் ராத்திரியில் அதுவே பேக்கப் எடுக்கும். கெட்டதுக்கும் உதவும், ஏனென்றால் கணினி என்றால் அதற்குள் ஆள் புகலாம்.

கிளவுட் பேக்கப் என்றால், அந்தப் பெட்டியில் உள்ளதன் நகலை இணையம் வழியாக வேறொருவருடைய தரவு மையத்துக்கு அனுப்பி வைப்பது. அங்கே உங்கள் கோப்புகள் போய் உட்காரும் தொட்டிக்கு பக்கெட் என்று பெயர். ஒரே கோப்பின் நேற்றைய நிலை, போன வார நிலை, போன மாத நிலை என்று தனித்தனியாக வைத்திருப்பதைப் பதிப்புகள் என்பார்கள். மீட்பு என்பது அங்கிருந்து திரும்ப இறக்குவது. இவ்வளவு போதும்.

## ரெய்டு எதைக் காப்பாற்றும்

ரெய்டு என்பது நாஸில் உள்ள பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை. ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்கிலும் ஒரே விஷயம் எழுதப்படும். ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனாலும் பெட்டி ஓடும், ரெய்டு 6இல் இரண்டு போனாலும் ஓடும். டிஸ்க் சாவது நிஜமான பிரச்சினைதான். லட்சக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்குகளின் பழுது விகிதத்தை ஒழுங்காக வெளியிட்டு வருகிறது, 2023இல் அது 1.40 சதவீதம். அந்த விகிதத்தை நாலு டிஸ்க் பெட்டிக்குப் போட்டு அஞ்சு வருஷம் ஓட்டினால், ஒரு டிஸ்காவது போவதற்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாய்ப்பு வருகிறது. அதுவும் ஏசி போட்ட தரவு மையத்துக் கணக்கு. மே மாதத்தில் மூடிய அலமாரிக்குள் வேகும் பெட்டிக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

அதனால் ரெய்டு வேண்டும். ஆனால் அது செய்வது ஒரு வேலைதான்: ஒரு டிஸ்க் செத்தால், அதை மாற்றும் வரை வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது. நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்கிலும் அதே நொடியில் சரியாக அழித்துக் கொடுக்கும். பெட்டியைத் திருடன் தூக்கினால் டிஸ்க் எல்லாமே சேர்ந்துதான் போகும்.

## ஒரு நகல் எப்போது நகல்?

புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியே. நல்ல விதி. ஆனால் அதை எண்ணிக்கை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டு, நாஸில் ஒன்று, நாஸின் பின்னால் செருகிய யுஎஸ்பி டிஸ்கில் ஒன்று, கூகுள் டிரைவில் சிங்க் ஆகிற ஒன்று, ஆக மூன்று என்று கணக்கு சொல்பவர்கள் நிறைய.

என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட ஒரு கேள்வி முக்கியம். முதல் நகலை அழிக்கும் அதே காரணம் இரண்டாவது நகலையும் எட்டுமா? எட்டும் என்றால் அந்தக் காரணத்தைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரே நகல். கிளவுடில் எந்தச் சேவை, எந்த அமைப்பு, எத்தனை நாள் என்கிற முடிவுகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வரும். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இடம் போவது. தீ, வெள்ளம், திருட்டு, இடி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நாஸும் அதன் பக்கத்தில் இருக்கும் யுஎஸ்பி டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும். பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் எரிந்தபோது, காசு கொடுத்து பேக்கப் வாங்கியிருந்த சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்து சேர்ந்தே எரிந்தது.

2. கைதவறி அழிப்பது. இதுதான் தினசரி நடப்பது. பழைய ஃபோல்டர் என்று நினைத்து யாரோ அழித்துவிடுவார்கள், இல்லை பழைய எக்செல் கோப்பை புதியதன் மேல் சேமித்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியும். பழைய பதிப்புகள் இல்லாத நகல் இதற்கு உதவாது.

3. ரேன்சம்வேர். கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள் இது. நாஸை மட்டுமே குறிவைத்து வந்தவை உண்டு. 2014இல் சினாலஜி பெட்டிகளைத் தாக்கிய சைனோலாக்கர், 2021 ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளில் புகுந்த கியூலாக்கர், 2022 ஜனவரியில் வந்த டெட்போல்ட். கியூலாக்கர் கோப்புகளை 7-ஜிப்பில் கடவுச்சொல் போட்டுச் சுருக்கிவிட்டு 0.01 பிட்காயின் கேட்டது. அது உள்ளே நுழைந்த ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? எச்பிஎஸ் 3 என்ற கியூநாப்பின் சொந்த பேக்கப் மென்பொருளில்! பேக்கப் எடுக்கிற மென்பொருளும் ஒரு மென்பொருள்தான், அதையும் அப்டேட் செய்யணும்.

4. தொலைவிலிருந்து துடைப்பது. 2021 ஜூனில் உலகம் முழுக்க வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் ஒரு காலையில் காலியாகக் கிடந்தன. யாரோ இணையம் வழியாக ஃபேக்டரி ரீசெட் கட்டளை கொடுத்திருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்குக் கடைசியாக மென்பொருள் அப்டேட் வந்தது 2015இல். டிஸ்குகளில் ஒரு பழுதும் இல்லை.

5. கிளவுட் கணக்கே போவது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கிளவுட் சந்தாவை கூகுள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட நிதி அது. இரண்டு புவியியல் இடங்களில் நகல் வைத்திருந்தார்கள், ஆனால் சந்தா ஒன்று என்பதால் இரண்டிலும் அழிந்தது. வேறொரு நிறுவனத்திடம் தனியாக பேக்கப் வைத்திருந்ததால் மீண்டார்கள். அழிக்கப்படாமலே சேவை மூடப்படுவதும் உண்டு: வீட்டு உபயோகத்துக்கான கிராஷ்பிளான் 2018இல் நின்றது, அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31உடன் நின்றது.

இப்போது அந்த மூன்று நகல்காரரிடம் திரும்பிப் போவோம். யுஎஸ்பி டிஸ்க் முதல் காரணத்தில் விழும், எப்போதும் செருகியே இருப்பதால் மூன்றாவதிலும் விழும். கூகுள் டிரைவ் சிங்க் முதல் காரணத்தைத் தாண்டும், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தடுமாறும். நாஸுக்குள்ளேயே எடுக்கிற ஸ்னாப்ஷாட் (கோப்புகள் அந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைப்பது) இரண்டாவதுக்கு மிக நல்ல மருந்து, ஆனால் அது அதே டிஸ்கில் இருப்பதால் முதல் காரணத்துக்கு ஒன்றும் செய்யாது, நிர்வாகி கடவுச்சொல்லோடு உள்ளே வந்தவன் அதையும் அழித்துவிட்டுப் போவான்.

## சிங்க் வேறு, பேக்கப் வேறு

குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் நாஸ் நிறுவனங்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஐகானில் வைத்திருக்கின்றன. சினாலஜியில் கிளவுட் சிங்க் என்று ஒன்று, ஹைப்பர் பேக்கப் என்று இன்னொன்று. முதலாவது இங்கே உள்ளதை அங்கே அப்படியே பிரதிபலிக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே ரேன்சம்வேர் பூட்டினால் பூட்டிய கோப்பு அங்கே போய்ப் பழையதன் மேல் உட்காரும். சில கிளவுட் டிரைவ்கள் பழைய பதிப்பைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும் என்பது உண்மை, ஆனால் பத்தாயிரம் கோப்பை ஒவ்வொன்றாக வலது கிளிக் செய்து பின்னோக்கிப் போவது யாராலும் ஆகிற காரியமில்லை.

இரண்டாவது வகையில் மாறிய பகுதி மட்டும் போகும், ஒவ்வொரு முறை போனதும் ஒரு பதிப்பாக நிற்கும். எத்தனை பதிப்பு வைப்பது என்பதை நீங்கள் சொல்லலாம். ஹைப்பர் பேக்கப்பில் ஸ்மார்ட் ரீசைக்கிள் என்ற அமைப்பு கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு இது போதும். வெறும் ஏழு நாள் பதிப்பு என்று வைக்காதீர்கள், கோப்பு காணாமல் போனது ஏழு நாளுக்குள் கண்டுபிடிக்கப்படுவது அபூர்வம்.

கட்டளை வரியில் ஆர்குளோன் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கும், ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளில் கிளவுட் சிங்க் பணி போடுபவர்களுக்கும் (அதன் அடியில் ஓடுவதும் ஆர்குளோன்தான்) இதே எச்சரிக்கை. அதன் சிங்க் கட்டளை, மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து அழிக்கும். டிஸ்க் மவுண்ட் ஆகாமல் மூலம் காலியாகத் தெரிந்த நாளில் அது இலக்கையும் காலி செய்யப் பார்க்கும். பதிப்பு வேண்டும் என்றால் ரெஸ்டிக், கோபியா மாதிரி பேக்கப்புக்கென்றே எழுதப்பட்டவை இருக்கின்றன.

## நாஸுக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறீர்கள்

பேக்கப் போகவேண்டுமென்றால் கிளவுட் கணக்கின் சாவி ஒன்று நாஸுக்குள் இருக்கணும். நாஸுக்குள் புகுந்தவனுக்கும் அந்தச் சாவி கிடைக்கும். அவன் உங்கள் பக்கெட்டையும் அழித்தால் பணம் வருவதற்கு அவனுக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே:

1. கிளவுட் கணக்கின் முழு நிர்வாகி சாவியை நாஸில் போடாதீர்கள். அந்த ஒரு பக்கெட்டுக்கு மட்டும் செல்லும் தனிச் சாவி உருவாக்கிப் போடுங்கள். நிர்வாகி நுழைவுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதன் கடவுச்சொல் நாஸில் எங்கேயும் இருக்கக் கூடாது.

2. பக்கெட் அளவிலேயே பதிப்பு வசதியை இயக்குங்கள். நாஸிலிருந்து அழி என்று வந்தாலும் பழையது கொஞ்ச நாள் மறைவாக நிற்கும்.

3. முடிந்தால் ஆப்ஜெக்ட் லாக். குறிப்பிட்ட தேதி வரை இந்தக் கோப்பை யாரும் அழிக்கக் கூடாது என்று பூட்டுவது இது. அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3இல் 2018இல் வந்தது, பேக்பிளேஸின் கிளவுட் சேமிப்பான பி2 முதலிய பல சேவைகளிலும் இப்போது உண்டு. இதில் கம்ப்ளையன்ஸ் என்ற கடுமையான முறையைத் தேர்ந்தால் கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் தேதிக்கு முன் அழிக்க முடியாது. தெரியாமல் பத்து வருஷம் என்று போட்டுவிட்டால் பத்து வருஷ வாடகை உங்கள் தலையில். முப்பது, அறுபது நாளில் ஆரம்பியுங்கள். உங்கள் பேக்கப் மென்பொருள் இதோடு ஒத்துப்போகிறதா என்றும் முன்பே பாருங்கள், பழைய பதிப்பைச் சுத்தம் செய்யப் போய் முடியாமல் பிழை காட்டுபவை உண்டு.

4. ரௌட்டரில் நாஸுக்காக போர்ட் திறக்காதீர்கள். பேக்கப் உள்ளேயிருந்து வெளியே போவது, அதற்கு வெளியிலிருந்து உள்ளே வரும் வழி எதுவும் தேவையில்லை. மேலே சொன்ன தாக்குதல்களில் சிக்கிய பெட்டிகள் இணையத்திலிருந்து நேரே தொடக்கூடியவையாக இருந்தன.

அப்புறம் மறைகுறியாக்கம். கோப்புகள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நாஸிலேயே பூட்டி அனுப்பும் வசதி ஏறக்குறைய எல்லா நாஸிலும் உண்டு, கட்டாயம் போடுங்கள், வாடிக்கையாளர் ஆதாரும் பான் கார்டும் கிடக்கிற அலுவலகத்துக்குக் கேள்வியே இல்லை. ஆனால் அந்தக் கடவுச்சொல்லையும் சாவிக் கோப்பையும் நாஸிலேயே சேமித்து வைப்பது பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதுதான். தாளில் எழுதி வேறு வீட்டில் வையுங்கள். கடவுச்சொல் தொலைந்தால் சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை, அவர்களிடமும் அது கிடையாது.

## ஏற்ற எத்தனை நாள் ஆகும்

4 டிபி என்று வைத்துக்கொள்வோம். பதிவேற்ற வேகம் முழுதாக, இடைவிடாமல் கிடைத்தால்:

1. 100 எம்பிபிஎஸ்: சுமார் 3.7 நாள்
2. 50 எம்பிபிஎஸ்: சுமார் 7.4 நாள்
3. 10 எம்பிபிஎஸ்: சுமார் 37 நாள்

பதிவிறக்க வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், பழைய கேபிள், டிஎஸ்எல் இணைப்புகளில் பதிவேற்றம் அதில் ஒரு துண்டுதான் இருக்கும். ஃபைபரில் பெரும்பாலும் இரண்டும் ஒன்று. ஆனால் இந்திய ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் அன்லிமிடெட் என்ற சொல்லுக்குப் பின்னால் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு ஒளிந்திருக்கிறது, அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். அதில் ஏற்றுவதும் கணக்கில் வரும். நாலு டிபியை ஒரே மாதத்தில் ஏற்றப் பார்த்தால் மாதக் கடைசியில் வீட்டில் யாரும் வீடியோ பார்க்க முடியாது, நாஸை யார் வாங்கச் சொன்னது என்ற பேச்சும் வரும்.

இதற்கு வழி எளிது. முதலில் சின்ன, முக்கியமான ஃபோல்டர்களுக்குத் தனிப் பணி போட்டு அவற்றை ஏற்றிவிடுங்கள், ஓரிரு நாளில் முடியும். பெரிய வீடியோ ஃபோல்டர்களை அடுத்த மாதத்துக்குப் பிரியுங்கள். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை முழு வேகம், பகலில் வேகக் கட்டுப்பாடு என்று அட்டவணை போடலாம். முதல் முறை முடிந்த பிறகு தினமும் மாறியது மட்டும்தான் போகும், அது பல வீடுகளில் சில ஜிபிக்குள் அடங்கும். கல்யாண ஸ்டூடியோ நடத்துபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ஒரு முகூர்த்தத்துக்கு நூற்றுக்கணக்கான ஜிபி வருகிறவர்கள், சீசனில் மூலக் கோப்புகளைக் கிளவுடில் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, வேறு வீட்டில் வைக்கும் இரண்டாவது டிஸ்கில் நம்பி, தேர்ந்தெடுத்த படங்களையும் முடித்த ஆல்பங்களையும் மட்டும் ஏற்றுவது நல்லது.

## காசு

இங்கே இரண்டு கணக்கு இருக்கிறது, வைத்திருக்கும் வாடகை ஒன்று, திரும்ப எடுக்கும் கட்டணம் இன்னொன்று. விளம்பரத்தில் முதலாவதுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

பேக்பிளேஸ் பி2 2023 அக்டோபரில் டிபிக்கு மாதம் 6 டாலர் என்று விலையை மாற்றியது, வைத்திருக்கும் அளவின் மூன்று மடங்கு வரை இறக்குவதற்குக் கட்டணம் இல்லை என்றும் அறிவித்தது. அந்த விலையில் 4 டிபிக்கு மாதம் 24 டாலர், டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலும் 2,000 ரூபாயைத் தாண்டும், அதன் மேல் வரி. அதே நிறுவனம் அளவு வரம்பில்லாத தனிநபர் பேக்கப் ஒன்றை மலிவாக விற்கிறது. அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது கணினிக்குள் உள்ள, கணினியில் நேரடியாகச் செருகிய டிஸ்குகளுக்கு மட்டும், நாஸை அது ஏற்காது.

மறுமுனையில் அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ். அமெரிக்க மண்டலத்தில் டிபிக்கு மாதம் ஏறத்தாழ 1 டாலர்தான், 4 டிபிக்கு 4 டாலர். ஆனால் கேட்ட உடனே கிடைக்காது, வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை, மலிவு முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. இணையம் வழியாக வெளியே எடுக்க மாதத்தில் முதல் 100 ஜிபிக்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட், அதாவது 4 டிபியை முழுதாக இறக்க 350 டாலர் அளவில் வரும், மீட்புக் கட்டணம் தனி. ஒரே ஒரு மீட்பு ஏழு வருஷ வாடகையை விழுங்கும்.

இதனால் கிளேசியர் மோசம் என்று அர்த்தமில்லை. வீடு எரிந்தால் மட்டும் தொடப்போகும் கடைசி நகலுக்கு 350 டாலர் பெரிய தொகை கிடையாது. என் தயக்கம் வேறு: எடுக்கக் காசு என்றால் யாரும் எடுத்துப் பார்த்துச் சோதிக்க மாட்டார்கள். தவிர, பதிப்பு பார்க்கும் பேக்கப் மென்பொருள்கள் பழைய பகுதிகளை அடிக்கடி படிக்கும், 12 மணி நேரம் காத்திருக்க வைக்கும் இடத்தோடு அவை ஒத்துப்போகாது. மாறாத பழைய புகைப்படங்களுக்கு கிளேசியர், தினமும் மாறும் அலுவலகக் கோப்புக்கு உடனே கிடைக்கும் சேமிப்பு என்று பிரித்தால் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும்.

இன்னொரு விஷயம், கார்டு. 2021 அக்டோபர் 1இலிருந்து ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி வந்த பிறகு, இந்திய கார்டில் வெளிநாட்டுச் சேவைகள் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் கட்டணம் பல இடங்களில் நின்றுபோனது. கட்டணம் நின்றால் கணக்கு முடங்கும், முடங்கிய கணக்கின் தரவு கொஞ்ச நாளில் அழியும். எச்சரிக்கை மின்னஞ்சல் வரும், ஆனால் அது யாரும் திறக்காத பழைய முகவரிக்குப் போகும். முன்பணம் அல்லது ஆண்டுக் கட்டணம் இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள், அறிவிப்பு இரண்டு பேருக்குப் போகும்படி வையுங்கள்.

## எந்த ஊரில் வைப்பது

வீட்டுப் புகைப்படத்துக்கு எந்த நாட்டில் இருந்தாலும் சரி. இந்தியாவில் பதிவான கம்பெனி என்றால் சட்டம் குறுக்கே வரும். கம்பெனிகள் கணக்கு விதிகள் 2014இன்படி, 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பின், மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினசரி அடிப்படையில் இருக்கணும். நாஸின் பேக்கப் அமெரிக்க பக்கெட்டில் வாராவாரம் போனால் அது நல்ல பேக்கப்பாக இருக்கலாம், விதிப்படியான பேக்கப் ஆகாது. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும், மைக்ரோசாஃப்ட் அஸூருக்குப் புனே, சென்னை முதலிய இடங்களிலும் மண்டலங்கள் இருக்கின்றன.

அலுவலகம் சென்னையில் இருந்தால் சென்னை மண்டலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரவு மையம் வெள்ளத்துக்குத் தயாராகவே இருக்கும், ஆனால் ஊரே இருட்டில் இருக்கும் வாரத்தில் உங்கள் இரண்டு நகலும் ஒரே ஊரில் இருப்பதில் என்ன லாபம்? முதல் காரணத்தை நினைவில் வைத்து வேறு ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

## டேலி, டேட்டாபேஸ் போன்றவை

ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி பழையது பாதி புதியது என்று வரும், திறக்காது. நாஸில் டேலி டேட்டா ஃபோல்டர் வைத்து நாலு பேர் பில் போட்டுக்கொண்டிருக்கும் மதியத்தில் பேக்கப் ஓடினால் இதுதான் ஆகும். டேலியிலேயே உள்ள பேக்கப் வசதியால் மாலையில் ஒரு நகல் எடுத்து அதை நாஸின் வேறு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரைக் கிளவுடுக்கு அனுப்புவது பாதுகாப்பு. விர்ச்சுவல் மெஷின்கள், எஸ்கியூஎல் டேட்டாபேஸ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

இறக்கி வைத்த சினிமாக்களை ஏற்றாதீர்கள். அதை நீக்கினாலே பல நாஸ்களில் அளவு பாதியாகும்.

## மீட்டுப் பார்ப்பது

ஏற்றிவிட்டோம், பச்சை டிக் காட்டுகிறது, முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். பச்சை டிக் சொல்வது பணி பிழையில்லாமல் ஓடியது என்பதை மட்டும். தேவையான ஃபோல்டர் அந்தப் பணியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அது சொல்லாது. புதிதாக உருவாக்கிய ஷேர் ஃபோல்டர் பழைய பணியில் தானாகச் சேராமல் மாதக்கணக்கில் விட்டுப்போவது ரொம்ப சாதாரணம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாஸைத் தொடாமல், வேறொரு கணினியிலிருந்து, தாளில் எழுதி வைத்த கடவுச்சொல்லை வைத்து ஒரு ஃபோல்டரை இறக்கித் திறந்து பாருங்கள். நாஸ் எரிந்துபோன நாளில் உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கணினியும் அந்தத் தாளும்தான். ஹைப்பர் பேக்கப் தன் சொந்த வடிவத்தில் கோப்புகளைக் கட்டி வைப்பதால் பக்கெட்டைத் திறந்தால் உங்கள் கோப்புப் பெயர்கள் தெரியாது. கணினியில் அதைத் திறக்க ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்று தனி மென்பொருள் இருக்கிறது, அது உங்கள் சேவையோடு வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

நேரமும் கணக்கில் வரும். 100 எம்பிபிஎஸ்ஸில் நாலு டிபியை ஏற்ற 3.7 நாள் என்றால் இறக்கவும் அதே 3.7 நாள். அலுவலகம் நாலு நாள் மூடியிருக்க முடியாது. அதனால் ஒரு டிஸ்க் பழுது, ஒரு ஃபோல்டர் அழிந்தது போன்ற தினசரி விபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு யுஎஸ்பி டிஸ்க் நகல் வேண்டும், வாரம் ஒரு முறை செருகி, எடுத்து, கழற்றி வைப்பது.

நிஜமாகவே தாக்குதல் நடந்துவிட்டால் வரிசை முக்கியம்:

1. நாஸின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பூட்டிய கோப்புகள் புதிய பதிப்பாகப் போய்ப் பழைய நல்ல பதிப்புகளைத் தள்ளிவிடாமல் இருக்க இதுதான் விரைவான வழி.

2. வேறு கணினியிலிருந்து கிளவுட் கணக்குக்குள் போய் நாஸுக்குக் கொடுத்த சாவியை ரத்து செய்யுங்கள். நிர்வாகி கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

3. பதிப்புகளைத் தானாக அழிக்கும் விதி பக்கெட்டில் இருந்தால் நிறுத்துங்கள்.

4. எந்தத் தேதியிலிருந்து கோப்புகள் கெட்டன என்று பாருங்கள், அதற்கு முந்தைய நாளின் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்தவன் பூட்டிய அன்றைக்குத்தான் வந்தான் என்று நினைக்காதீர்கள்.

5. பழைய பெட்டியை முழுக்கத் துடைத்து, மென்பொருளைப் புதிதாக ஏற்றி அப்டேட் செய்த பிறகே அதில் மீட்கத் தொடங்குங்கள். அதுவரை அவசரமாக வேண்டிய ஃபோல்டர்களை, நடப்பு மாத பில்களையும் ஜிஎஸ்டி கோப்புகளையும் முதலில், ஏதாவது ஒரு லேப்டாப்பில் இறக்கி வேலையைத் தொடருங்கள்.